எங்களை ஏணி தூக்க வைத்த எஞ்சினியர்

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிக்குச் சட்னி அரைப்பதா, பொடியே போதுமா என்று வீட்டில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோது ஏழுமலையிடமிருந்து போன் வந்தது. நாங்கள் குடியிருக்கும் வெள்ளானூர்க் கிராமத்தின் பழைய விவசாயக் குடும்பத்துக்காரர். நிலமெல்லாம் மனையான பிறகு தண்ணீர் லாரி ஓட்டுகிறார். லாரி வரத் தாமதமாகும் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தேன். "சார், எஞ்சினியர் அம்மா பூட்டாங்க சார்," என்றார். எந்த எஞ்சினியர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் அடுக்குமாடியில் வீட்டுக்கு இரண்டு எஞ்சினியர்கள் உண்டு. ஆனால் எனக்கும் ஏழுமலைக்கும் பொதுவாக இருந்தவர் கஸ்தூரி மேடம் ஒருவர்தான். பாடி மேம்பாலத்துப் பக்கம் அவருடைய வீட்டிலேயே, தூக்கத்தில் மாரடைப்பாம்.

மேடத்தை அறிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் இரண்டு வகை. கிராமத்தில் அவரைக் கொண்டாடுவார்கள். அடுக்குமாடியில் இன்றும் சிலர் அவர் பேரைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். சுளித்தவர்களின் சங்கத்துக்கு நான்தான் செயலாளர், ஆகவே எனக்கு அந்த உரிமை உண்டு.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பை ஒட்டி ஏரியின் உபரித் தண்ணீர் ஓடும் கால்வாய் இருக்கிறது. அதன்மேல் இருந்த தரைப்பாலம் ஐப்பசி மழை வந்தால் மூழ்கிவிடும்; ஒரு மழையில் பாதி பெயர்ந்தே போனது. ஆவடி வட்டாரத்துச் சாலைகளையும் பாலங்களையும் சீரமைக்கத் திட்டம் வந்தபோது, வண்டிகளுக்கான பெரிய பாலத்தை மெயின் ரோட்டோடு சேர்த்துவிட்டு, பழைய இடத்தில் நடந்து போக மட்டும் ஒரு குறுகிய பாலமும், ஏரிக்கரையோரம் நடைபாதையும் போடுவதாக வரைந்திருந்தார்கள். பைக்குகள் நுழையாதபடி பாலத்தின் இரு முனையிலும் வளைந்து நெளிந்து போகவேண்டிய இரும்புத் தடுப்பு. நாங்கள் மனு எழுதிக் கேட்டதும் அதைத்தான். அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி கஸ்தூரி மேடம்.

கருத்துக் கேட்புக் கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. எல்லாம் சுமுகமாக முடியப் போகிற நேரத்தில் ஏழுமலை எழுந்தார். "அந்தக் கம்பிக்குள்ள நீங்க வளைஞ்சு வளைஞ்சு பூடுவீங்க. சுடுகாடு கால்வாய்க்கு அந்தாண்ட கீது. எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்குது. நாளைக்கு அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எந்த வழியா தூக்கினு போறது?" என்று கேட்டார். மெயின் ரோடு வழியாக வேனில் கொண்டுபோகலாமே என்றேன் நான். "எங்கப்பாவ தோள்லதான் தூக்கினு போனோம். அம்மாவ மட்டும் சாமான் ஏத்தற மாதிரி வேன்ல ஏத்தணுமா?" என்று அவர் கேட்க, எங்கள் ஆட்கள் சாவு மேளம், வெடி, தெருவெல்லாம் பூ என்று தங்கள் புகாரை அவிழ்க்க, நாற்காலிகள் நகரத் தொடங்கின.

அதுவரை அரசாங்கத் தமிழில் பேசிக்கொண்டிருந்த மேடம் மைக்கைக் கீழே வைத்தார். "இருங்கண்ணா, கத்தாதீங்க. அம்மா இப்ப இன்னா சாப்புடறாங்க?" என்றார். ஏழுமலை திகைத்துப்போய், கஞ்சி என்றார். "நல்லா குடுங்க. பாலம் முடியற வரைக்கும் அவங்க இருக்கணும். வழிக்கு நான் பொறுப்பு." ஏழுமலைக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஓர் அதிகாரி எங்கள் கண்முன்னே கட்சி மாறிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மழை நாளில் பார்க்காத இடத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்பது அவருடைய பிடிவாதம். அடுத்த மழைக்கு ரப்பர் செருப்பும் தூக்கிச் செருகிய புடவையுமாக வந்து நின்றார். சங்கத்தின் சார்பில் நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அக்கரையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் உண்டு. எங்கள் நடைப்பயிற்சிக்காரர்கள் அதன்மேல் காலைத் தூக்கி வைத்து ஷூ நாடா கட்டுவார்கள். அளவெடுத்த கம்பெனிக்காரர்கள் வரைபடத்தில் அதற்கு 'பழைய எல்லைக்கல், அகற்றப்படும்' என்று எழுதியிருந்தார்கள். கல்லைச் சுற்றி மட்டும் புல் முளைக்காமல் தரை தேய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மேடம் ஏழுமலையைக் கூப்பிட்டு விசாரித்தார். அது அரிச்சந்திரன் கல். சுடுகாட்டுக்குள் போகுமுன் அங்கேதான் பாடையை இறக்கி வைத்து, சூடம் காட்டி, திசை மாற்றித் தூக்குவார்களாம். நாங்கள் கால் வைப்பதை இத்தனை வருடமும் பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் எங்களிடம் வாய் திறக்கவில்லை. நான் கல்லைவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன். மேடம் யாரையும் திட்டவில்லை. "படத்துல கீற ஊர்ல யாரும் சாவறதில்ல சார். அதான் அவங்களுக்குத் தெரியல," என்றார்.

அதன்பிறகு நடந்ததை எங்கள் காவலாளி இன்றும் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிச் சிரிக்கிறார். ஒரு சனிக்கிழமை மேடம் எங்கள் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, என் மனைவியிடம் கோலமாவு வாங்கி, பாலத்தின் அகலத்தையும் தடுப்பின் வளைவுகளையும் அசல் அளவிலேயே தரையில் போட்டார். கிராமத்து ஆட்களை வரவழைத்து, தூக்கிக் காட்டுங்கள் என்றார். வெறும் பாடையைக் கட்டித் தூக்குவது ஆகாது என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். மேடம் சுற்றிலும் பார்த்தார். சுவரில் பெயிண்டரின் மூங்கில் ஏணி சாத்தியிருந்தது. "ஏணிக்கு இன்னா தோஷம்? தூக்குங்க," என்றார். முன்னால் ஏழுமலையும் அவர் தம்பியும் தோள் கொடுத்தார்கள். பின்னால் ஒரு பக்கம் ஆள் குறைந்தது. "செயலாளர் சார், வாங்க. உங்க ஒசரம் சரியா கீது."

இஸ்திரி போட்ட சட்டையோடு ஏணிக்கடியில் போனேன். முதல் வளைவிலேயே மாட்டிக்கொண்டோம். முன்னால் போனவர்கள் திரும்பினால் பின்னால் இருந்த நாங்கள் கோட்டை மிதித்தோம். நாங்கள் ஒதுங்கினால் ஏணி சாய்ந்தது. "சாய்க்காத, சாய்க்காத! தோள் மாத்து!" என்று ஏழுமலை கத்தினார். வெறும் ஏணி அது. ஆனாலும் கீழே போட்டுவிடக் கூடாது என்று என் கை இறுகிக்கொண்டது. பால்கனிகளிலிருந்து வேடிக்கை பார்த்த எங்கள் ஆட்களும் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். மேடம் கோலமாவு டப்பாவை என் மனைவியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பாலத்தை அகலமாக்கினார். தடுப்புக்குப் பதில், வேண்டும்போது கழற்றிக்கொள்கிற கம்பங்கள் வந்தன. கல் இருந்த இடத்திலேயே இருக்க, சுற்றிலும் இறக்கி வைக்க இடம் விட்டார். மேலிடத்திலிருந்து கோப்பு பலமுறை திரும்பி வந்தது, அவரும் சலிக்காமல் திருப்பி அனுப்பினார். கடைசியில் கூடுதல் செலவுக்காக நடைபாதையின் முகப்பில் எங்களுக்கு வரவேண்டிய அலங்கார வளைவைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டார். அலுவலகத்துக்கே போய்ச் சண்டை போட்டேன். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வளைவு இல்லாம நீங்க நடந்துக்குவீங்க சார். அகலம் இல்லாம அவங்க போவ முடியாது." டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கோபமாகத்தான் வந்தேன். வெடி விஷயத்தில் நாங்கள் சொன்னது நியாயம் என்று இப்போதும் சொல்வேன். மேடமும் அதை ஒப்புக்கொண்டார். "மேளம் அடிச்சுக்கோங்க. வெடி மட்டும் பாலம் தாண்டி. இங்க கொழந்தைங்க தூங்குதுங்க," என்று ஏழுமலையிடம் வாக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அந்த வாக்கை அவர்கள் இன்றுவரை மீறவில்லை.

பாலம் திறந்த பிறகும் மழை வலுத்தால் மேடத்திடமிருந்து எனக்குப் போன் வரும். பாலத்தின்மேல் தண்ணீர் ஏறியதா என்பது முதல் கேள்வி, ஏழுமலையின் அம்மா எப்படி இருக்கிறார் என்பது இரண்டாவது. என்னை விசாரித்ததே இல்லை. அதைச் சொல்லிக் காட்டியபோது, "நீங்க நல்லா கீறதாலதான் சார் தெனமும் புகார் எழுதறீங்க," என்றார்.

அன்று ஏழுமலையின் பைக்கில் பாடிக்குப் போனோம். தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய சந்தில் மேடத்தின் வீடு. கண்ணாடிப் பெட்டியில் படுத்திருந்தார். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள், நாங்கள் வெள்ளானூர் என்று சொன்னதும், "ஏணி சாரா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்து முனையில் வேன் நின்றது. ஏற்றினார்கள், கதவைச் சாத்தினார்கள், மின்மயானத்துக்குப் புறப்பட்டுவிட்டது. "இவங்களுமா சார் வேன்ல?" என்றார் ஏழுமலை. பாடி மேம்பாலத்து லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவே வேறு எப்படிக் கொண்டுபோவது என்று சொன்னேன். அவர் பைக்கைக் கிளப்பினார்.

திரும்பி வந்து அவருடைய அம்மாவிடம் சொன்னோம். அவர் இருக்கிறார், இப்போதும் கட்டிலில்தான், கஞ்சிதான். "எனுக்கு வழிய போட்டுக் குடுத்துட்டு, அவ முந்திக்கினாளே," என்றார். அன்றைக்குக் கஞ்சி வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

வாசலுக்கு வந்ததும் ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கம்மா போவறப்ப நீங்களும் ஒரு தோள் குடுக்கணும் சார்." கட்டாயம் வருகிறேன் என்றேன். "உங்களுக்கு நாங்க கீறோம்," என்றார் அவர், தண்ணீர் லாரி அனுப்புகிறேன் என்று சொல்கிற அதே குரலில்.

எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம், மகன் கனடாவில். எவ்வளவு சம்பாதித்தாலும் கடைசியில் தூக்க நாலு பேர் வேண்டும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். வெள்ளானூரில் வீடு வாங்கும்போது பத்திரம், பட்டா, தண்ணீர் எல்லாம் விசாரித்தேன், இதை விசாரிக்கவில்லை. கஸ்தூரி மேடம் எனக்கு விட்டுப் போயிருப்பது அந்த நாலு பேரைத்தான்.