எல்லா மேளத்துக்கும் பொட்டு

எங்கள் வீட்டில் சந்தனப் பொட்டு விழாத பொருள் எதுவும் கிடையாது. நவராத்திரி வந்தால் என் கணவர் விடியவே கிண்ணத்தோடு எழும்பிவிடுவார். கார் ஸ்டியரிங், என் தையல் மெசின், மகளின் மடிக்கணினி என்று ஒவ்வொன்றிலும் மஞ்சளாக ஒரு சந்தனம், அதன் நடுவில் குங்குமம். ஒருமுறை பாத்திரம் கழுவுகிற மெசினுக்கும் வைத்துவிட்டார்.

“இஞ்சாருங்கோ, இது என்ன படிப்பைத் தந்தது?” என்று கேட்டேன்.

“உம்மடை கைக்கு ஓய்வு தந்ததெல்லே?” என்றார். இந்த மனுசனோடு யார் கதைத்து வெல்வது!

நாங்கள் இருந்தது ரண்டர்ஸ் என்ற டேனிஷ் ஊரில். மகளின் பரதநாட்டிய வகுப்பு தூரத்தில், ஓகூஸ் நகரத்தில். கிழமை முழுக்கத் தொழிற்சாலையில் நின்று களைத்த மனுசன், சனிக்கிழமை காலையில் வாயே திறக்காமல் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார். வகுப்பு முடியுமட்டும் காருக்குள் இருந்து பிளாஸ்க் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு வானொலி கேட்பார். சில நாட்கள் நானும் போவேன். மூச்சுப் பட்டுக் கண்ணாடியெல்லாம் புகார் படிந்திருக்கும், காருக்குள் தோடம்பழத் தோல் மணக்கும். மகள் ஓடிவந்து முன் சீற்றில் ஏறி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் ஹீட்டருக்கு நேரே நீட்டுவாள்.

“கால் நோகுதே பிள்ளை?” என்பார் இவர்.

“இல்லையப்பா.”

ஒவ்வொரு சனியும் அதே கேள்வி, அதே பதில். கால் வீங்கியிருந்த நாளிலும் அவள் “இல்லையப்பா” என்றுதான் சொன்னாள்.

அரங்கேற்றத்துக்கு ஆயத்தம் தொடங்கிய நேரம் அவள் ஜிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் வந்து, இனி ஆடமாட்டேன் என்றாள். டேனிஷ்காரர் ஒருவரை மணம் முடித்து எங்கள் ஊரில் இருந்த ஒரு ஜப்பானியப் பெண் தைக்கோ மேளம் பழக்கிக்கொண்டிருந்தார். தனியாளால் தூக்க முடியாத பெரிய மேளங்கள். அதை இரண்டு தடியால் அடிக்க வேண்டும். இவள் எனக்குத் தெரியாமலே அதில் சேர்ந்திருந்தாள்.

“ஆடேக்கை எல்லாரும் என்ரை முகத்தைத்தான் பாக்கினம் அம்மா. இதிலை சத்தத்தைத்தான் கேக்கினம்” என்றாள், பாதி டேனிஷிலும் பாதி தமிழிலும்.

எனக்கு விளங்கியது. இவருக்கு விளங்கவில்லை. ஊரெல்லாம் அரங்கேற்றம் என்று சொல்லி வைத்திருந்தவர். கத்தியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். இவர் கத்தவில்லை, அவளோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். ஒரே வீடு, ஒரே மேசை.

“இஞ்சேரும், உம்மடை மகளிட்டைச் சொல்லும், மழை வருதாம், ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு போகட்டாம்” என்பார், அவள் பக்கத்தில் நிற்கும்போதே. நேற்றுவரை தன் மகள், இன்றைக்கு என் மகள்! அவளும் தகப்பனுக்குத் தப்பாத பிள்ளை, பதிலை என்னிடம் டேனிஷில் தருவாள். நான் நடுவில் தபால்காரி. காரில் போனாலும் அவள் பின் சீற்றில்தான். முன்னுக்கு நான் இருந்து வீதியைப் பார்த்துக்கொண்டு போவேன். எரிச்சலும் வரும், அழுகையும் வரும்.

அப்படியே ஒரு குளிர்காலம் போய், கோடை முடிகிற நேரம் ஆற்றங்கரைப் பூங்காவில் நகரக் கலைவிழா வந்தது. அந்த முறை ஜப்பானியக் கலைகள். மகள் முதல்தடவை மேடையேறி, நடுவில் தனியாகவும் ஒரு பகுதி அடிக்க வேண்டும். அதற்கு முதல்நாள் சமையலறையில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அப்பா வருவாரே?” என்று மெல்லக் கேட்டாள். தமிழில்தான் கேட்டாள்.

நான் போய்க் கேட்டேன். “இறக்கிவிடுறன்” என்றார். அவ்வளவுதான். அடுத்தநாள் சாமி அறையிலிருந்து வெளியே வரவே அவருக்கு நெடுநேரம் பிடித்தது. பூங்கா வாசலில் எங்களை இறக்கிவிட்டு, “நான் மீன் வாங்கப் போறன்” என்று காரை எடுத்தார். மகள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்த மீனை இவர் தலையிலேயே கவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

தூறலுக்குள் மழைச் சட்டைகளோடு சனம் நிறைந்திருந்தது. முதலில் கிமோனோ உடுத்த ஒரு பெண் விசிறியோடு ஆட வந்தார். இதோ தொடங்கப்போகிறார், இதோ தொடங்கப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போய்விட்டார். அட கடவுளே, அதுதான் ஆட்டமாம்! ஆனால் அவர் அந்த விசிறியை மடித்த விதம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அடுத்தது மேளம். மகளின் தலைமயிரைக் கட்டிவிட மேடைக்குப் பின்னால் இருந்த கூடாரத்துக்குப் போனேன். அங்கே எல்லோரும் மேளங்களைச் சுற்றி நின்றார்கள். நடனம் பார்க்க எல்லோரும் முன்னுக்குப் போயிருந்த நேரத்தில், ஒவ்வொரு மேளத்தின் மர உடம்பிலும் மஞ்சளாக ஒரு வட்டம், அதன் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்திருந்தது. ஒரு மேளத்தைக்கூட விடவில்லை.

“அம்மா!” என்று மகள் என்னைப் பார்த்துக் கத்தினாள்.

“சத்தியமா நானில்லை பிள்ளை! நான் சந்தனத்துக்கு எங்கை போறது?” என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாமி அறை நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். அவளுக்கும் அந்தக் கணமே விளங்கிவிட்டது.

அந்த ஜப்பானிய ஆசிரியை கோபத்தை அடக்கிக்கொண்டு, யார் செய்தது என்று டேனிஷில் கேட்டார். மேளங்கள் இரவல் வாங்கியவை, அவர் பயம் அவருக்கு.

“அது என்ரை அப்பா” என்றாள் மகள், எல்லோர் முன்னாலும் டேனிஷில்.

“ஏன் எல்லா மேளத்திலும்?”

“எது என்ரை மேளம் எண்டு அவருக்குத் தெரியாது. அவர் ஒருநாளும் வரேல்லை.”

ஆசிரியை ஈரத்துணியை எடுத்து ஒவ்வொரு மேளமாகத் துடைத்துக்கொண்டு வந்தார். மகளின் மேளத்துக்குக் கிட்ட வர, அவள் பொட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஆசிரியை துணியைத் தோளில் போட்டுக்கொள்ள, இருவருமாக மேளத்தைச் சுற்றித் திருப்பினார்கள். பொட்டு இப்போது சனத்துக்குத் தெரியாது, அடிப்பவளுக்கு மட்டும் தெரியும்.

நான் வெளியே வந்து பார்த்தால், கோப்பிக் கடைக்குப் பக்கத்தில் இவர் குடையில்லாமல் நிற்கிறார். கையில் மீனைக் காணவில்லை.

“மீன் எங்கை?”

“கடை பூட்டு.”

“ஓமோம், பூட்டித்தான் இருக்கும்” என்றேன். இவர் விரலில் சந்தனம் காய்ந்திருந்தது.

மேடைக்கு மேளங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாம் துப்புரவாக மினுங்கின. இவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

“அழிச்சுப்போட்டினம்” என்றார். “அவள்தான் அழிக்கச் சொல்லியிருப்பாள்.”

எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் சொல்லவில்லை. இத்தனை மாதம் தபால் சுமந்தது போதும், இதையாவது இவர்கள் தாங்களே கொடுத்து வாங்கட்டும் என்று பேசாமல் நின்றேன்.

எல்லோரும் வரிசையாக நின்று குனிந்து வணங்கினார்கள். நிமிர்ந்ததும் மற்றவர்கள் தடிகளை எடுக்க, அவள் மட்டும் எடுக்கவில்லை. முந்தி பரதம் ஆடத் தொடங்குமுன் நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிய அதே கையால், மேளத்தின் தன் பக்கத்தை மெல்லத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். இமைக்கு மேல் மஞ்சள் தடமொன்று பட்டிருந்தது.

இவர் என் கையைப் பிடித்தார். நடுச்சந்தியில் என் கையைப் பிடிக்கிற மனுசனே இல்லை. பிறகு மேளம் அதிர்ந்தது. பூங்கா முழுக்க அதிர, இவர் கண்ணைத் துடைக்கவும் மறந்து நின்றார்.

திரும்பும்போது நான் வேண்டுமென்றே பின் சீற்றில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். மகள் சற்றுத் தயங்கிவிட்டு முன்னுக்கு ஏறினாள். இவர் திறப்பைப் போட்டார், காரை எடுக்கவில்லை. கண்ணாடியெல்லாம் புகார் படியத் தொடங்கியது.

“கை நோகுதே பிள்ளை?” என்றார்.

“ஓமப்பா,” என்றாள். “நல்லா நோகுது.”