பத்து நாள் சுற்றுலாவுக்கு ஒரு கிரைண்டர்

என் கணவர் ஷார்ஜாவில் டெலிவரி வேன் ஓட்டுகிறார். குடும்ப விசா எடுக்கும் அளவுக்கு அவருக்குச் சம்பளம் இல்லை. அதனால் ஒன்றரை மாதத்துக்கு முன் நானே அறுபது நாள் விசிட் விசாவில் வேலை தேடிக் கிளம்பினேன். லிங்கராஜபுரத்தில் ஏழு வருஷம் பார்த்த பார்லர் வேலையையும் விட்டாயிற்று. எடுத்தது ஒருவழி டிக்கெட். இதே மாதிரி கிளம்பப் போகிறவர்களுக்காக நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஏஜென்ட் சொன்னது இரண்டு விஷயம். வேலை என்று வாயே திறக்கக் கூடாது, பத்து நாள் டூர் என்றுதான் சொல்ல வேண்டும். ஏர்லைன் கவுன்டரில் காட்ட ஒரு டம்மி ரிட்டர்ன் டிக்கெட் அவரே தருவார். ஒரு வாரம் வீட்டில் ஒத்திகை நடந்தது. அக்கா ரோஸிதான் இமிக்ரேஷன் ஆபீசர். நாற்காலி போட்டு உட்கார்ந்து எத்தனை நாள் என்று அதட்டுவாள், நான் "பத்து நாள் சார்" என்பேன். என் ஆறு வயது மகள் ஜெனி பக்கத்தில் படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருப்பாள்.

சனிக்கிழமை காலை 10.20 விமானம். 5.30க்கு கேப். 34 கிலோமீட்டர், டோல் கட்டணத்தோடு 1,120 ரூபாய், ஒரு மணி நேரம். அட்டைப்பெட்டியை டிக்கியில் தூக்கி வைத்த டிரைவர், உள்ளே கல்லா என்று கேட்டார். கல்லேதான். டேபிள்டாப் கிரைண்டர், பதினொன்றரை கிலோ. என் கணவருக்கு அங்கே கிடைக்கும் பாக்கெட் மாவு அலுத்துவிட்டது. பெட்டியின் நாலு பக்கமும் கிரைண்டர் படம், அதன் மேல் மார்க்கரில் கொட்டை எழுத்தில் என் பெயர்.

கவுன்டரில் இருந்த பெண் முதலில் கன்னடத்தில்தான் பேசினாள். பத்து நாள் டூர் என்றேன். பெல்ட்டில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு தமிழுக்கு மாறினாள்.

"பத்து நாளைக்கு கிரைண்டரா மேடம்?"

இதற்கு ஒத்திகை பார்க்கவில்லை. டம்மி டிக்கெட் நம்பரை அடித்துப் பார்த்தாள். அது முந்தின நாளே கேன்சல் ஆகியிருந்தது. ரிட்டர்ன் டிக்கெட் இல்லாமல் ஏற்ற மாட்டோம் என்றாள். போனில் கணவர், கிரைண்டரைக் கல்யாணப் பரிசு என்று சொல்லச் சொன்னார். இன்னொரு பொய்க்குத் தெம்பில்லை. வேலை தேடத்தான் போகிறேன், விசா முடிவதற்குள் வந்துவிடுவேன் என்று உள்ளதைச் சொன்னேன். அதை அவள் கேட்கவே இல்லையாம், டிக்கெட் இருந்தால் போதுமாம். ஐம்பத்தொன்பதாம் நாளுக்கு 13,600 ரூபாயில் போனிலேயே எடுத்தேன். அசல் ஆபீசரும் எத்தனை நாள் என்றுதான் கேட்டார். ஐம்பத்தொன்பது என்றேன். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

கேட் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்குக் கூப்பிட்டேன். அம்மா பத்து நாளில் வந்துவிடுவாள் என்று ஜெனி தன் கிளாஸ் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டாளாம். பக்குவமாகத் தானே எடுத்துச் சொல்வதாக அக்கா சொன்னாள். வேண்டாம், போனை அவளிடம் கொடு என்றேன்.

"ஜெனி, அம்மா வர ஐம்பத்தொன்பது நாள் ஆகும்டா."

"அப்போ பத்து நாள்னு சொன்னது பொய்யாம்மா?"

"ஆமா."

"இது?"

வேலை கிடைத்துவிட்டால் இதுவும் பொய்தான். போர்டிங் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவர்கள் கூப்பிட இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

போகிறவர்களுக்கு: டம்மி டிக்கெட்டை நம்பாதீர்கள். தேதி மாற்றக்கூடிய நிஜ டிக்கெட்டாக எடுங்கள். கிரைண்டர் அங்கேயே கிடைக்கிறது, விலைதான் கொஞ்சம் கூட. வீட்டில் குழந்தை இருந்தால் அது ஸ்கூலுக்குப் போன பிறகு ஒத்திகை பாருங்கள்.

இன்று நாற்பத்தோராவது நாள். இரண்டு சலூனில் கூப்பிடுகிறோம் என்றிருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் ஜெனியோடு பேசுகிறேன். ஸ்கூல் கதையெல்லாம் சொல்கிறாள். எத்தனை நாள் என்று மட்டும் கேட்பதில்லை.