வெளிப்பக்கம் இருந்த பெடல்

எங்கள் வீட்டுக் கிட்டாரை விலைக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் குனிந்து அதன் அடியில்தான் பார்த்தார்கள். பெடல் ஸ்டீல் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்க முடியாது. அது மேசை மாதிரி நான்கு காலில் நிற்கும். இடது கையால் ஓர் இரும்பு உருளையைக் கம்பிகள் மேல் நகர்த்திக்கொண்டே வலது கையால் மீட்ட வேண்டும். இடது காலால் கீழே உள்ள பெடலை அழுத்தினால் சுரம் குழைந்து மேலே ஏறும். பெடல்கள் எல்லாம் வாசிப்பவர் காலடியில் இருப்பதுதான் வழக்கம். எங்களுடையதில் ஒன்று மட்டும் இடது பக்கம், சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே இருந்த முதல் பெடலோடு ஓர் இரும்புப் பட்டையால் இணைத்திருந்தார்கள். மேலே ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த கிட்டாரின் காலில் ஒரு வளையம்.

சந்திரகிரியிலிருந்து வந்தவர் வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்த்து, "ஏன்ட்டம்மா இதி? எதுக்கு இந்த வளையம்?" என்றார்.

"காபி டம்ளர் வெக்கறதுக்கு."

"வாசிச்சிகினே காபி குடிப்பாரா உங்க வூட்டுக்காரரு?"

"அவரு இல்ல, நான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் திருப்பதி கல்யாண மண்டபங்களில் ரிசப்ஷனுக்கு வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்தார். சர்க்கரை வியாதி அவர் இடது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது. பொய்க்கால் மாட்டி வாசித்துப் பார்த்தார். எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அந்தக் காலுக்குத் தெரியவில்லை. கம்பி அறுந்ததுதான் மிச்சம். ஒரு மாதம் கிட்டார் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருநாள் ஆட்டோவில் கிட்டாரோடு வெல்டிங் கடைக்குப் போனார். திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து உக்காரு மே. உன் காலு சும்மாதான கீது."

"சும்மாவா? காத்தால இருந்து அடுப்பாண்ட நின்னுகினு கீது."

அப்படித்தான் நான் அவருக்கு இடது காலானேன். ஆரம்பத்தில் வாசித்ததைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். "பஸ்ல பிரேக் போடற மாதிரி போடாத மே, மெதுவா" என்று கத்துவார். நான் எழுந்து போய்விடுவேன். சமாதானத்துக்காகத்தான் அந்த வளையத்தை வைத்துக் கொடுத்தார், காபியோடு உட்காரட்டும் என்று. போகப் போக அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று என் காலுக்கே தெரிந்துவிட்டது. மண்டபங்களில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பாட வந்தவள் என்று நினைத்து மைக்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார்கள். "அம்மா எப்போ பாடுவாங்க?" என்று பெண் வீட்டார் கேட்பார்கள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவங்களுக்குத் தொண்ட சரியில்ல" என்பார்.

போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். நான் சித்தூரில் மகள் வீட்டோடு போய்விடுவது என்று முடிவானது. அங்கே எனக்கே ஓர் அறையில் பாதிதான். கிட்டாரைக் கொடுத்துவிடச் சம்மதித்தேன், ஒரே ஒரு நிபந்தனையோடு. வாங்குகிறவர் உட்கார்ந்து ஒரு பாட்டு வாசிக்க வேண்டும், நான் பெடலை அழுத்துவேன். கடைசியாக ஒரு தடவை என் கால் அந்தப் பாட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

சந்திரகிரிக்காரர் நேரமில்லை என்று எழுந்துவிட்டார். புத்தூரிலிருந்து வந்தவர், வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை முதலில் அறுத்துக் கொடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம் என்றார். உன் காலை அறுத்துகினு வா, பேசலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. டீ கொடுத்து அனுப்பினேன். மகள் போனில் திட்டினாள்.

மூன்றாவதாக வந்தவன் ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் அரக்கோணத்துப் பையன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அதுக்கென்னம்மா, உக்காருங்க" என்றான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. நாங்கள் ஒவ்வொரு ரிசப்ஷனிலும் கடைசியாக வாசிக்கும் பழைய சினிமாத் தாலாட்டைக் கேட்டேன். அவனுக்கும் அது தெரிந்திருந்தது.

என் முக்காலியில் உட்கார்ந்து செருப்பு ரப்பரின் மேல் காலை வைத்தேன். பையன் நன்றாகவே ஆரம்பித்தான். முதல் இடம் வந்தது. என் கால் இறங்கவில்லை. அந்த வரி முடிந்த பிறகுதான் இறங்கியது. அடுத்த இடத்தில் முந்திக்கொண்டது. அவன் நிறுத்திவிட்டு, "பரவாயில்லம்மா, ஃபர்ஸ்ட்லேர்ந்து போலாம்" என்றான். மறுபடியும் அதே கதைதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அழுத்திக் காட்டுவேன் என்று நினைத்திருந்த பாட்டு அது.

மூன்றாம் தடவை அவனையே உற்றுப் பார்த்தேன். கையில் பிசகில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் புரிந்தது. என் வீட்டுக்காரர் அந்தந்த இடத்துக்குச் சற்று முன்னால் மூச்சை இழுத்துப் பிடிப்பார். ஸ்பீக்கர் காதைக் கிழிக்கிற மண்டபத்திலும் எனக்கு அது கேட்கும். நான் அழுத்தியதெல்லாம் அந்த மூச்சுக்குத்தான். பாட்டு எனக்கு என்றைக்குமே தெரிந்திருக்கவில்லை.

அழுதுவிட்டேன். பையன் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு முக்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டேன். "உன் காலாலயே அழுத்திக்க தம்பி" என்றேன். அவன் தயங்கித் தயங்கி, உள்ளே இருந்த பெடலில் காலை வைத்து முழுப் பாட்டையும் வாசித்தான். ஓர் இடம்கூடப் பிசகவில்லை. அவன் அழுத்தும்போதெல்லாம் வெளிப்பக்கத்துப் பெடலும் கூடவே, யார் காலும் இல்லாமல், இறங்கி இறங்கி ஏறியது.

அந்த வெளிப் பெடலை அறுத்துவிட்டே கிட்டாரை எடுத்துப் போகச் சொன்னேன்.