சத்தம் குறைந்த தோட்டா

1. முதல் நாள்

கனடாவில் ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே உள்ள ஒரு துப்பாக்கிக் கழகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், உள்ளே யாரோ சுட்ட முதல் வெடிக்கே கவுண்டருக்குப் பின்னால் நிலத்தில் குந்திவிட்டேன். இடையில் தடித்த கண்ணாடி இருந்தது, சுவர் இருந்தது. ஆனால் சண்டைக் காலத்து மன்னாரில் வளர்ந்த உடம்பு அதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை. மனேஜர் டேவ் சிரிக்கவில்லை. ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு, என்னை யாரும் உள்ளே போகச் சொல்லமாட்டார்கள், உறுப்பினர் அட்டையைப் பார்த்து நின்று சுடுவதற்கு ஒரு லேன் ஒதுக்கினால் போதும் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

வீட்டுக்குக் கிட்ட வேலை. பகல் நேரம் மட்டும். அதனால் நின்றேன். உடம்பு மெல்ல மெல்லப் பழகியது. பிறகு டேவே என்னை றேஞ்ச் ஒபிசர் பயிற்சிக்கு அனுப்பினார். சுடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று, அவர்களுடைய கையையும் துவக்கின் வாயையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அந்த வேலை. பிழை ஒன்றைக் கண்டால் எல்லோரையும் நிறுத்த வேண்டும். பயம் உள்ளவள் கண்ணை எடுக்கமாட்டாள் என்று அவர் நினைத்திருக்கலாம். அது சரி. அந்த வேலையில் ஒரு நாள்கூட நான் பயமில்லாமல் நின்றதில்லை.

இப்போது புதிதாக றேஞ்ச் ஒபிசராக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அன்ரி, உங்களுக்கு எப்பவாவது பெரிய பிரச்சினை வந்ததா?" வந்தது. அதைக் கொண்டுவந்தவர் என் கணவர்.

2. ஒஷாவாவில் வாங்கிய சாமான்

அருள் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். நாரி நோவால் இடுப்பு நிமிர்த்த முடியாமல் வேலையை விட்டபிறகு, என்னைக் கூட்டிக்கொண்டு போக நேரத்தோடே வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார். பார்த்துப் பார்த்து ஆசை வந்தது. வகுப்புக்குப் போய், லைசன்ஸ் எடுத்து, ஒரு லீவர் றைபிள் வாங்கினார். கைத்துப்பாக்கிக்குரிய சின்னத் தோட்டாவைப் போடுகிற, லீவரைக் கீழே இழுத்து மேலே தள்ளுகிற பழைய பாணித் துவக்கு. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அறுபது வயதில் ஒரு மனிசனுக்கு வீட்டை விட்டு வெளிக்கிட ஒரு காரணம் கிடைத்ததே என்று விட்டுவிட்டேன்.

தோட்டா விலை ஏறியதும் கழகத்தில் பலர் றீலோடிங் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். சுட்டபின் வெளியே விழுகிற பித்தளைக் கோதைப் பொறுக்கி, அதற்குப் தட்டினால் பொறி விடுகிற புதுப் பிறைமர் வைத்து, அளந்து வெடிமருந்து போட்டு, பறந்துபோகிற குண்டான சன்னத்தை மேலே அழுத்தினால் தோட்டா மறுபடி தயார். கனடாவில் தன் பாவனைக்கு இதைச் செய்வது சட்டத்துக்கு உட்பட்டதுதான். புதுச் சாமான் வாங்கக் காசு கூட. அதனால் எல்லோரும் பழையதைத் தேடுவார்கள்.

ஒஷாவாவில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வீட்டை விற்றுவிட்டு அப்பார்ட்மென்ருக்குப் போகிறார், றீலோடிங் சாமான் முழு செற்றையும் விற்கிறார் என்று அருளுக்குத் தெரியவந்தது. நானும் கூடப் போனேன். கராஜுக்குள் ஒரு மேசையில் எல்லாம் அடுக்கியிருந்தது: கையால் இழுக்கிற இரும்பு பிறெஸ், கோதை அளவுக்கு அழுத்துகிற டைகள், தராசு, மருந்தை அளந்து கொட்டுகிற பவுடர் மெஷர். ஒவ்வொன்றையும் அவர் துடைத்து, எண்ணெய் பூசி வைத்திருந்தார். தன்னுடைய பிள்ளையை வேறு வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி அருளின் கையில் அவற்றை ஒவ்வொன்றாகத் தந்தார்.

"பாரும், ஒரு துரு இல்லை," என்றார் அருள். "மனிசன் எப்பிடி வைச்சிருந்திருக்கிறார்."

கடைசியாகப் பெரியவர் பாதி மருந்து உள்ள ஒரு பேணியை எடுத்து, அதைச் சும்மா கொண்டுபோகச் சொன்னார். பேணிக்கு வெளியே ஒட்டியிருக்கும் பெயருக்கும் உள்ளே இருக்கும் மருந்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இந்த ஒன்றை டேவ் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"உந்தப் பேணியை மட்டும் எடுக்காதேங்கோ. என்ர தலையில அடிச்சுச் சொல்லுறன்."

அருள் எடுக்கவில்லை. பிறகு கடையில் சீல் உடைக்காத புது மருந்தும் அளவுப் புத்தகமும் வாங்கினார். காரில் திரும்பி வரும்போது ஆபத்தைக் கராஜிலேயே விட்டுவிட்டு வந்ததாக நினைத்தேன். பிறெஸும் பவுடர் மெஷரும் பின் சீற்றில் இருந்தன.

3. பேஸ்மன்றில்

அருள் அவசரக்காரர் இல்லை. ஒரு கிழமை புத்தகத்தைப் படித்தார். பேஸ்மன்றில் கனமான மேசை ஒன்று அடித்து, பிறெஸை அதில் பூட்டினார். முதலில் மருந்தில்லாமல் கோதுகளை மட்டும் அழுத்திப் பழகினார். பிறகு ஒரு சனிக்கிழமை காலை மருந்து போடத் தொடங்கினார்.

நான் மேலே சமையலறையில் நின்றேன். பிறெஸின் கைப்பிடி இறங்கி ஏறுகிற சத்தம் தரைக்குள்ளால் வரும். இடையில் அது நிற்கும். நின்றால்தான் பயம். மறுபடி தொடங்கும்வரை கத்தரிக்காயை வெட்டாமல் கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இரண்டு தரம் படியில் பாதி இறங்கி எட்டிப் பார்த்தேன். அவர் பாட்டுக்குக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டால் கவனம் கலையும் என்று திரும்பி ஏறிவிட்டேன்.

மத்தியானம் ஒரு பெட்டி தோட்டாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கடைத் தோட்டாவைவிட வடிவாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்காமல் போனது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு கோதுக்கும் மருந்து போட்டபின் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தீங்களா என்று கேட்டேன். இடைக்கிடை தராசில் வைத்து நிறுத்ததாகவும், அளவு சரியாக இருந்ததாகவும் சொன்னார். நான் கேட்டது அது இல்லை. ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து மேலே கேட்கவில்லை.

4. அந்தச் சத்தம்

அடுத்த கிழமை எனக்கு றேஞ்சுக்குள் டியூற்றி. லேன்களில் ஐந்தாறு பேர். அருள் இடது பக்கத்தில் நின்றார். அவருக்கு வலப்பக்கத்து லேனில் மெலிசா. ஆஸ்பத்திரியில் நேர்ஸ். வேலை முடிந்து வந்து அமைதியாகச் சுட்டுவிட்டுப் போகிற பெண், என்னோடு நல்ல பழக்கம்.

அருள் முதல் சில தோட்டாக்களைச் சுட்டார். எல்லாம் ஒழுங்காக வெடித்தன. என் தோள் கொஞ்சம் தளர்ந்தது. அதன்பிறகுதான் அது கேட்டது. காது மூடிக்குள்ளால் ஒரு சின்ன "டப்". போத்தல் மூடி கழன்ற மாதிரி. துவக்கு உதைக்கவில்லை. அவருடைய தோள் அசையவில்லை.

பெரிய சத்தத்துக்குப் பயந்து வளர்ந்த நான், ஒரு சின்னச் சத்தத்துக்குப் பயந்தது அன்றுதான். மருந்தில்லாமல் பிறைமர் மட்டும் வெடித்தால் சன்னம் துவக்கின் குழாயை விட்டு வெளியே போகாது. நடுவில் சிக்கி நிற்கும். அதற்குப் பின்னால் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழாய் வெடித்துச் சிதறும்.

அருள் அதை வெடிக்காத தோட்டா என்று நினைத்துவிட்டார். லீவரை இழுத்தார். கோது வெளியே துள்ளியது. அடுத்த தோட்டா உள்ளே போனது. துவக்கைத் தோளுக்குத் தூக்கினார்.

எல்லோரையும் நிறுத்துகிற பொத்தான் எனக்குப் பின்னால் சுவரில் இருந்தது. திரும்பிப் போனால் அந்த இடைவெளியில் அவர் சுட்டுவிடுவார். "சீஸ் பயர்" என்று கத்தினேன். அதே கணத்தில் மெலிசா சுட்டாள், என் குரல் அதில் அடிபட்டுப் போனது. சுடுகிறவரைப் பின்னால் இருந்து திடீரென்று தொடக்கூடாது. திடுக்கிட்டு அவர் துவக்கோடு திரும்பினால் ஆட்கள் சாவார்கள். அதுவும் எனக்குத் தெரியும். இருந்தும் முன்னால் போனேன். ஒரு கையால் அவருடைய தோளை அமத்தினேன். மற்றக் கையால் துவக்கின் மேற்பகுதியைப் பிடித்து, வாய் இலக்குப் பக்கமே இருக்கும்படி கீழே அழுத்தினேன்.

அவர் கோபத்தோடு கண்ணை மட்டும் திருப்பினார். "என்ன செய்யிறீர்?"

"விரலை எடுங்கோ. துவக்கை அசைக்காதேங்கோ."

என் முகத்தைப் பார்த்து விரலை எடுத்தார். அதற்குள் மற்றவர்கள் கண்டு நிறுத்திவிட்டார்கள். டேவ் ஓடிவந்தார். உள்ளே இருந்த தோட்டாவைக் கழற்றி எடுத்துவிட்டு, குழாயின் வாயால் ஒரு மெல்லிய கம்பியை விட்டார். அது பாதி வழியில் முட்டி நின்றது. டேவ் கம்பியை அருளின் கையில் தந்து அவரையே முட்டிப் பார்க்கச் சொன்னார். அருள் முட்டினார். இரண்டாம் தரமும் முட்டினார். பிறகு கம்பியைத் திருப்பி டேவிடம் கொடுத்தார்.

5. உள்ளே இருந்தது

மிச்சத் தோட்டாக்களைக் கழகத்தின் பின் அறையில் ஒவ்வொன்றாக உடைத்தோம். சுத்தியல் மாதிரியான ஒரு கருவிக்குள் தோட்டாவைப் பூட்டித் தட்டினால் சன்னமும் மருந்தும் பிரிந்து வரும். டேவ் தட்ட, நான் மருந்தைத் தராசில் கொட்டினேன். அருள் சுவரோடு சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். பெரும்பாலானவை சரியாக இருந்தன. ஒன்றில் சில துகள்கள் மட்டும். துவக்கிலிருந்து கழற்றிய அந்தத் தோட்டாவில், இருக்க வேண்டியதைவிட நல்லாய்க் கூட. அதைத்தான் அவர் சுட இருந்தார். அடைத்த குழாய்க்குள், கூடின மருந்தோடு. என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை. வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தேன்.

காரணம் பவுடர் மெஷரில் இருந்தது. டேவ் அதைக் கழற்றினார். மருந்து இறங்குகிற குழலின் உட்சுவர் முழுக்க எண்ணெய்ப் படலம். அதில் மருந்து ஒட்டித் திரண்டு அடைத்திருக்கிறது. ஒரு கோதுக்கு விழவேண்டியது விழாமல் நின்று, அடுத்ததற்கு இரண்டு பங்காக விழுந்திருக்கிறது. ஒஷாவாப் பெரியவர் துருப்பிடிக்கக்கூடாது என்று எண்ணெய் பூசியவர். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய கவனம்தான் எங்கள் வீட்டுக்குள் வந்து குழலுக்குள் இருந்தது. நாங்கள் மினுக்கத்தைப் பார்த்தோம், கழற்றிப் பார்க்கவில்லை.

டேவ் அருளை மூன்று மாதம் சுடவேண்டாம் என்றார். அருள் தலையாட்டினார். பிறகு, யாரும் சொல்லாமலே, மெலிசாவிடம் போனார். அவள் வெளியே தன் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததை முழுக்கச் சொன்னார். அவருடைய ஆங்கிலம் தடுமாறிய இடத்தில் நான் நிரப்பினேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: வெடித்திருந்தால் துண்டுகள் எந்தப் பக்கம் வந்திருக்கும்? அருள் என்னைப் பார்த்தார். எந்தப் பக்கமும் வந்திருக்கலாம், உன் பக்கமும் வந்திருக்கலாம் என்று உண்மையைச் சொன்னேன். அவள் நன்றி சொல்லிவிட்டுக் காருக்குப் போனாள்.

நாங்கள் காரில் ஏறினோம்.

"எனக்கு ஏதும் வந்தா வரட்டும் எண்டுதான் நினைச்சனான்," என்றார் அருள். "பக்கத்தில ஒரு பிள்ளை நிக்குது எண்டு யோசிக்கவே இல்லை."

பழைய சாமான் வாங்குகிறவர்களை நான் தடுப்பதில்லை. வாங்குங்கள். ஆனால் விற்றவர் எவ்வளவு நல்லவர் என்பது பாதுகாப்பு இல்லை. ஒவ்வொரு ஆணியையும் கழற்றுங்கள், எண்ணெயைப் போக்கிக் காயவிடுங்கள், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள், சன்னம் வைக்கமுதல் ஒவ்வொரு கோதுக்குள்ளும் கண்ணால் பாருங்கள். சத்தம் குறைந்தால் நிறுத்துங்கள். றேஞ்ச் ஒபிசராக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதைவிடச் சின்னது: காதைக் கூர்மையாக வைத்திருங்கள். கத்த வெட்கப்படாதீர்கள்.

அருள் மறுபடி சுட வருகிறார். ஒவ்வொரு கோதுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்துத்தான் மூடுகிறார். மெலிசாவும் கொஞ்சக் காலத்துக்குப் பிறகு திரும்பி வந்தாள். அவள் கோபமாக இல்லை. ஆனால் முன்பதிவு செய்யும்போது, அவர் நிற்கிற நேரத்தில் தன்னைப் பக்கத்தில் போடவேண்டாம் என்று மெதுவாகக் கேட்டாள். அவளை மட்டுமில்லை, நான் யாரையும் போடுவதில்லை. கழகம் எவ்வளவு நிறைந்திருந்தாலும் என் கணவருக்கு அடுத்த லேன் வெறுமையாகவே இருக்கும். அது ஏன் என்று அவர் இதுவரை கேட்டதில்லை.