வலது தோளில் மாராப்பு: திருடுபோன என் படத்தைத் தேடிப் போன சனிக்கிழமை

பாஞ்சாலையக்கா எனக்கு மீன் இல்லை என்று சொல்லிவிட்டார். கூடை நிறைய ஜிலேபி மீன் துள்ளிக்கொண்டிருக்கும்போதே சொன்னார். போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை நான் கிளம்பியதற்கு அதுதான் காரணம். வழக்கமாக இங்கே கோயில், கோட்டை, நல்ல சாப்பாடு என்று எழுதுவேன். இந்த முறை நான் பார்க்கப் போனது ஒரு விளம்பரப் போர்டு. சிரிக்காதீர்கள். படமோ வீடியோவோ இணையத்தில் போடுகிறவர்கள் எல்லோருக்கும் என்றாவது இந்தப் பயணம் வாய்க்கும்.

புதிதாக வருகிறவர்களுக்காக: என் பெயர் எஸ்தர். வீடு திருநின்றவூர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை. லீவு நாளில் ரயிலும் பஸ்ஸும் பிடித்து ஒரே நாளில் போய்வரும் இடங்களைப் பற்றி எழுதுவது என் பொழுதுபோக்கு. பாஞ்சாலையக்கா எங்கள் ஏரிக்கரையில் மீன் விற்பவர். கூரை கிடையாது. ஒரு குடை, அதுவும் காற்றடித்தால் கவிழ்ந்துகொள்ளும்.

ஒரு வருஷத்துக்கு முன்னால் நான் எடுத்த படம் ஒன்று உண்டு. பனி மூடிய ஏரிக்கரை, அதன் மேல் பாஞ்சாலையக்கா டி.வி.எஸ். வண்டியில் மீன் கூடையைக் கட்டிக்கொண்டு வருகிறார், இடது தோளில் மாராப்பு பறக்கிறது. எனக்குத் தெரிந்து நான் எடுத்ததிலேயே உருப்படியான படம் அது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. சும்மா எடுத்துவிடவில்லை, மூன்று வாரம் கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தேன். "எட்த்துக்க, ஆனா என் மூஞ்ச வேற எவனுக்கும் குடுக்காத" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன். இந்த வலைப்பூவில் மட்டும் போட்டேன், கீழ் மூலையில் என் பெயரைப் பொடி எழுத்தில் போட்டு.

அந்த வெள்ளிக்கிழமை காலை மீன் வாங்கப் போனால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உனுக்கு மீனு இல்ல, போ. என் மூஞ்ச எவன்கிட்டயோ வித்துட்டு வந்து மீனு கேக்குறியா?"

"என்னக்கா சொல்ற?"

"சென்னீர்குப்பத்துல மாம்பெரிய போர்டுல நாந்தான் வண்டி ஓட்டிகினு கீறேன். ஏரிக்கரை மனை விக்கிறாங்களாம். கல்யாணத்துக்குப் போன பஸ்ல மொத்த சனமும் பாத்து சிரிக்கிது. பிளாட்டு இன்னா வெலன்னு என் சம்பந்தியே கேக்குறா. அதுலயும் மாராப்ப அந்தாண்ட தோள்ல போட்டு வுட்டுக்கிறாங்க. நா என்னிக்கினா அப்டி கட்டி பாத்துக்கிறியா?"

நான் விற்கவில்லை என்று சொன்னேன். அக்கா அடுத்த ஆளுக்கு மீன் நிறுக்க ஆரம்பித்துவிட்டார். வேலைக்குப் போகும் ரயிலில் செல்போனில் என் படத்தைக் கொடுத்துத் தேடிப் பார்த்தேன். என் வலைப்பூவைத் தவிர வேறெங்கேயும் அகப்படவில்லை. மாராப்பு வேறு பக்கம் என்கிறாரே, வேறு யார் படத்தையோ பார்த்துவிட்டுச் சண்டை போடுகிறாரோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் என் வார்த்தையை ஒருவர் நம்பாமல் போனது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை 7.40க்குத் திருநின்றவூரில் ரயில் ஏறினேன். ஆவடிக்கு ஐந்து ரூபாய் டிக்கெட், கால் மணி நேரம். சனிக்கிழமையென்றால் உட்கார இடம் கிடைக்கும், மற்ற நாட்களில் கனவு காணாதீர்கள். ஆவடி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து பூந்தமல்லி பஸ். சுமார் பத்து கிலோமீட்டர், சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். பருத்திப்பட்டு தாண்டும்வரை பஸ் நன்றாகப் போனது, கரையான்சாவடியில் நின்று நின்று ஊர்ந்தது. 8.50க்குப் பூந்தமல்லி. பஸ் நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு டீ, ஐம்பத்தைந்து ரூபாய். வடை சுமார்தான்.

அங்கிருந்து சென்னீர்குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். டிரைவரிடம், மனை விற்கிற போர்டு ஒன்றில் ஓர் அம்மா வண்டி ஓட்டுவது போல இருக்குமே, தெரியுமா என்று கேட்டேன்.

"மீன்காரம்மா போர்டாக்கா? அத்த தெரியாம? ஸ்டாப்பிங்குக்கே இப்ப அதான் பேரு. இன்னாமா எட்த்துக்கிறான் தெரியுமா, அந்தப் பனி அப்டியே சில்லுனு கீது!"

எடுத்திருக்கிறான் இல்லை, எடுத்திருக்கிறாள் என்று நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். ஐந்தாவது நிமிஷம் அவர் பிரேக்கைப் போட்டு, "மீன்காரம்மா எறங்கு!" என்று கத்தினார்.

இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில், இரும்புச் சட்டத்தில், இருபது அடி அகலத்துக்கு என் படம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் வந்தது கோபம் இல்லை, பெருமை. அவ்வளவு பெரிதாக அதை நான் பார்த்ததே இல்லை. லாரிகளும் கார்களும் அதைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. 'அடி எஸ்தரு, நீயா எடுத்தாய் இதை!' என்று வாயைப் பிளந்து நின்றேன். அப்புறம் கீழ் மூலையைப் பார்த்தேன். என் பெயர் இருந்த இடம் வெட்டப்பட்டு, அதில் மனை விற்கும் கம்பெனியின் செல்போன் எண் இருந்தது. கோபம் அப்போதுதான் வந்தது, வந்ததும் நல்ல கோபம்.

பாஞ்சாலையக்கா சொன்னதும் சரி. மாராப்பு வலது தோளில் கிடந்தது. எங்கள் பக்கம் யாரும் அப்படிக் கட்டுவதில்லை. வண்டியும் என் படத்தில் இடப்பக்கம் போகும், இதில் வலப்பக்கம் போனது. படத்தைக் கண்ணாடியில் காட்டியதுபோல இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். இந்த விளம்பரம் இணையத்திலும் இருந்தால், என் தேடலில் அகப்படாததற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். இத்தனைக்கும் அந்த மனைக்கும் எந்த ஏரிக்கும் சம்பந்தமே கிடையாது. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், ஓசி விளம்பரம் ஆகிவிடும்.

இங்கே ஒரு உபயோகமான விஷயம். பிளெக்ஸ் போர்டு எதுவானாலும் அடி ஓரத்தில் அச்சடித்த கடையின் பெயரும் ஊரும் சின்னதாக இருக்கும். போர்டைத் தூரத்திலிருந்து, கிட்டத்திலிருந்து, பக்கத்துக் கடையோடு சேர்த்து என்று படம் எடுத்துக்கொண்டு அந்த ஓரத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். மண்ணூர்பேட்டை. நான் தினமும் வேலைக்குப் போகிற இடத்துக்குப் பக்கம்! ஷேர் ஆட்டோவில் வானகரம் பதினைந்து ரூபாய், அங்கிருந்து அம்பத்தூர் பக்கம் போகும் பஸ். எல்லாம் சேர்ந்து பதினைந்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கும், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கையில் குடை வைத்துக்கொள்ளுங்கள், வானகரத்தில் நிற்க நிழல் இல்லை.

கடைக்காரர் ரபீக் பாய். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். அவர் மனைவி சபீனா தரையில் உட்கார்ந்து பேனருக்கு ஓட்டை போட்டு வளையம் அடித்துக்கொண்டிருந்தார். போர்டின் படத்தைக் காட்டி, இது என் படம் என்றேன்.

"அப்டிலாம் சொல்லாதீங்க மேடம். பார்ட்டி குட்த்த படம் அது. அவங்க ஆளே எட்த்ததுன்னு மேனேஜர் சொன்னாரு. நா டிசைன் மட்டுந்தான்."

"ஏன் பாய் திருப்பிப் போட்டீங்க?"

"சைட்டு வலப்பக்கம் கீது, அம்புக்குறி அப்டி. வண்டி மட்டும் இந்தாண்ட போனா வர்றவன் கொழம்ப மாட்டானா?"

சபீனா எழுந்து வந்து என் செல்போனை எட்டிப் பார்த்தார். "அல்லாவே, இன்னாங்க இது, மாராப்பு மாறிகினு கீது! ரெண்டு மாசமா ரோட்ல நிக்கிது, உங்க கண்ணு எங்க போச்சி?" ரபீக் பாய் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு மனை கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டார், எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில்.

மேனேஜர் அசரவில்லை. "எங்க போட்டோகிராபர் எடுத்த படம்மா. யார் வேணா வந்து என்னுதும்பாங்க."

"ரொம்ப நல்லது சார். அப்ப இதுக்கு அடுத்த படத்தை அனுப்பச் சொல்லுங்க."

"அடுத்த படமா?"

வீட்டிலிருந்து கிளம்பும்போதே பையில் போட்டுக்கொண்ட பழைய கேமரா கார்டைப் பாயிடம் கொடுத்தேன். படம் எடுத்த அந்தப் பனிக் காலையில் பாஞ்சாலையக்கா தூரத்தில் ஒரு புள்ளியாக வந்ததிலிருந்து என்னைக் கடந்து போனதுவரை வரிசையாக எடுத்தவை எல்லாம் அதில் இருந்தன. அவர் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்தார். புள்ளி, பனி, வண்டி, அப்புறம் போர்டில் இருக்கும் அதே படம், வெட்டாத முழுப் படமாக. அதற்கு அடுத்ததில் அக்கா கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்தியிருந்தார். அதற்கடுத்ததில் முதுகு மட்டும். சபீனா விழுந்து விழுந்து சிரித்தார். ரபீக் பாய் போனைப் பார்த்துச் சொன்னார்: "சார், இவங்க படந்தான். முன்னால பின்னால எல்லாம் கீது இவங்ககிட்ட. உங்க ஆளுகிட்ட கீதா?"

பிறகு மேனேஜர் இறங்கி வந்தார். "நெட்ல இருந்துச்சு மேடம். நெட்ல இருந்தா எல்லாருக்கும் பொதுதானே?"

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளிவிட்டுப் பேசுகிற பேச்சைப் பாருங்கள். "கொடியில காயுற புடவை ரோட்டுக்குத் தெரியுது சார். அதுக்காக எடுத்துக் கட்டிக்குவீங்களா?" என்றேன். எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புவேன் என்றும் சொன்னேன்.

அப்போதுதான் அவர் தூண்டிலைப் போட்டார். போர்டு அப்படியே இருக்கட்டும், என் பெயரைப் பெரிதாக அச்சிட்டு ஒட்டிவிடுகிறோம், இன்னும் நாலு இடத்தில் வைக்கிறோம் என்றார். பொய் சொல்லவில்லை, ஆசை வந்தது. நெடுஞ்சாலையில் என் பெயர்! எஸ்டேட்டில் என்னோடு வேலை செய்கிற பாதிப் பேர் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். ஆனால் படம் என்னுடையது, முகம் பாஞ்சாலையக்காவுடையது. அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எறக்கச் சொல்லு" என்றார். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்.

இறக்கச் சொன்னேன். மேனேஜர் ஒத்துக்கொண்டார். மறுநாளே ரபீக் பாயின் ஆட்கள் போய்க் கழற்றினார்கள். வழக்கமாகப் பழைய பிளெக்ஸை யாராவது கூரைக்கும் லாரி மூடவும் கேட்டு வாங்கிப் போவார்கள். "இது உங்க படம், நீங்களே எட்த்துகினு போங்க" என்று பாய் சுருட்டி எனக்கே கொடுத்தார். பட்டரவாக்கத்தில் ரயிலில் அதை ஏற்றியதை நினைத்தால் இன்னும் தோள் வலிக்கிறது.

இனி, உங்களுக்குச் சொல்ல வேண்டியது. நீங்கள் எடுத்த படத்தின் உரிமை எடுத்த நொடியிலேயே உங்களுடையது, பதிவு செய்யாவிட்டாலும். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான். பெயரை என்னைப்போல மூலையில் போடாதீர்கள், ஒரு வெட்டு வெட்டினால் போயிற்று. படத்தின் முக்கியமான இடத்தின் மேலேயே மெல்லிசாகப் போடுங்கள். இணையத்தில் சின்ன அளவை மட்டும் ஏற்றுங்கள். நான் பெருமைக்காக முழு அளவில் ஏற்றியதால்தான் அது இருபது அடிக்கு உடையாமல் விரிந்தது. தேடும்போது படத்தை இடவலம் திருப்பியும் ஒருமுறை தேடுங்கள். திருட்டைப் பார்த்தால் சண்டைக்கு முன்னால் சாட்சி: போர்டாக இருந்தால் படம் எடுங்கள், இணையமாக இருந்தால் முகவரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு அந்தத் தளத்திலேயே புகார் செய்யலாம்.

எல்லாவற்றையும்விட, சரியாக வராத படங்களை அழிக்காதீர்கள். வீடியோ என்றால் வெட்டிப் போட்ட துண்டுகளையும் வைத்திருங்கள். திருடினவரிடம் இருப்பது நல்ல படம் ஒன்றுதான். அக்கா நாக்கைத் துருத்துவது என்னிடம் மட்டும்தான் இருந்தது. அன்றைய செலவு, சாப்பாடு டீ எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள். மாலை நாலரைக்கு வீட்டில் இருந்தேன்.

பிளெக்ஸை ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் விரித்தேன். பாஞ்சாலையக்கா மீன் கத்தியை எடுத்து, மனை விலை, போன் நம்பர் இருந்த பகுதியை மொத்தமாக அறுத்துத் தள்ளினார். மிச்சத்தை நாலு கம்பு நட்டு, படம் வானத்தைப் பார்க்கும்படி கூரையாகக் கட்டிக்கொண்டார். பத்து மணி வெயில் கூரைமேல் அடித்ததும் கீழே உட்கார்ந்திருந்த நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம். மலிவுச் சரக்கு அது, வெயிலில் உருவம் இந்தப் பக்கமும் தெரிந்தது. பின்பக்கமிருந்து பார்த்ததால் திருப்பிப் போட்ட படம் மறுபடி திரும்பிக்கொண்டது. வண்டி இடப்பக்கம் போனது. மாராப்பு இடது தோளில் பறந்தது.

"இப்பதான் ஒயுங்கா கட்டிகினு கீறேன்" என்றார் அக்கா.

மீன் வாங்க வந்த ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, நல்லா இருக்கே, யார் எடுத்தது என்று கேட்டார். என் பெயர் அந்தப் பிளெக்ஸில் எங்கேயும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள், அக்கா எனக்காக ஒரு கிலோ ஜிலேபியைச் செதில் உரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்:

"நம்ம எஸ்தரு எட்த்தது. கேட்டுத்தான் எட்த்தா."