வசம்பு வளையல்

என் மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, பால் குடித்ததும் வயிறு உப்பிக்கொள்ளும். காலை மடக்கி மடக்கிக் கத்துவாள். எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். யுத்த காலம், மெட்ராஸிலிருந்து வரும் வயிற்றுவலி மருந்து புட்டி எந்தக் கடையிலும் இல்லை. கே.ஜி.கண்டிகை கிறிஸ்தவ சபையில் என் மாமனார்தான் உபதேசியார், போதகருக்கு அடுத்த ஆள். "ஜெபம் பண்ணும்மா, சரியாயிடும்" என்றார். பண்ணினேன். பிள்ளை கத்திக்கொண்டேதான் இருந்தாள்.

எதிர்வீட்டு விவசாயக் குடும்பத்துப் பெண் என் வயதுக்காரி, அவளுக்கும் கைப்பிள்ளை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே திட்டினாள். "ஏம்மே, புள்ள கத்திகினே கீது, பாத்துகினு கீறியே! பேர் சொல்லாதத வாங்கியாந்து சுட்டு உரசிக் குடேன்!"

பேர் சொல்லாதது என்றால் வசம்பு. விளக்கு வைத்த பிறகு அந்தப் பெயரை வாயால் சொல்லக்கூடாதாம். திருத்தணி மலையடிவாரத்து நாட்டு மருந்துக் கடைக்கு நான் போய்ச் சேர்ந்தது சரியாக விளக்கு வைக்கிற நேரம். "வசம்பு குடுங்க" என்றேன். கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

"அந்தப் பேரச் சொல்லாதம்மா!"

"சொன்னா எழுந்து ஓடியா பூடும்? எடுங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கட்டித் தந்தார்.

வேரை விளக்கெண்ணெய் தீபத்தில் சுட்டு, கரியைத் தாய்ப்பாலில் உரசி, நாக்கில் துளி தடவினேன். மீதியைத் தொப்புளைச் சுற்றிப் பூசினேன். இன்னொரு துண்டைச் சின்னச் சின்னதாக நறுக்கிக் கறுப்பு நூலில் கோத்து, வளையலாகக் கையில் கட்டினேன். பிள்ளை கையைச் சப்பும்போது சாறு கொஞ்சம் உள்ளே போகும், வாசனைக்குப் பூச்சி அண்டாது. அவ்வளவுதான் சங்கதி. அவள் ஏப்பம் விட்டுத் தூங்கியதைப் பார்த்து நான் அழுதேவிட்டேன்.

மாமனார் கண்ணில் வளையல் பட்டது. "இது அஞ்ஞானிங்க கட்டற தாயத்து. அறுத்துப் போடு."

"தாயத்து இல்ல மாமா, வேரு."

"ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். இதோட தூக்கினு வந்தா போதகர் புள்ளயத் தொடமாட்டாரு."

என் கணவர் மணவூர் ரயில் ஸ்டேஷனில் வேலை பார்த்தார், அப்பாவை எதிர்த்துப் பேசத் தெரியாதவர். "நைனா சொல்றதக் கேட்டுடேன்" என்று என்னிடம் கிசுகிசுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கத்தற புள்ளயத் தூக்கினு நடந்தது உங்க நைனாவா, நானா?" என்றேன். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்காது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். "செத்தாத்தானே இடம்? நான் சாகவிடமாட்டேன்" என்றேன்.

வளையலோடுதான் போனேன். போதகர் குனிந்து பார்த்தார். "அறுத்துட்டு வாங்கம்மா."

"ஆண்டவர் படைச்ச வேருதானே ஐயா?"

அவர் தண்ணீரைத் தொடவேயில்லை. அத்தனை பேர் பார்க்க, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். அதற்குப் பிறகு சபைப் பெண்கள் கிணற்றடியில் என்னோடு பேசவில்லை. வலிக்கத்தான் செய்தது. ஆனால் பிள்ளை பால் குடித்தாள், தூங்கினாள், சிரித்தாள், மளமளவென்று சதை போட்டாள். தவழ ஆரம்பித்த சமயம், கொழுத்த மணிக்கட்டில் நூல் இறுகி, தானாகவே அறுந்து விழுந்தது.

அடுத்த ஞாயிறே கோயிலுக்குத் தூக்கிப் போனேன். வெறுங்கை. போதகர் மறுபேச்சு இல்லாமல் தலையில் தண்ணீர் ஊற்றினார். வெளியே வந்ததும் மாமனார் எல்லோரிடமும், "பாத்தீங்களா, கர்த்தரே அறுத்துட்டாரு" என்று பூரித்துப்போனார்.

"கர்த்தர் அறுக்கல மாமா. புள்ள கொழுத்து அறுந்துச்சு" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

வீட்டுக்கு வந்ததும் அவர் எதிரிலேயே உட்கார்ந்து, இன்னும் நீளமான நூலில் வசம்பைக் கோத்துக் கட்டினேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னாம்மா பண்ற?"

"பாத்துகினுதானே கீறீங்க. இப்ப உங்க போதகர வந்து, ஊத்துன தண்ணியத் திருப்பி எடுத்துக்கச் சொல்லுங்க" என்றேன்.