மூடி திறக்காத பாட்டில்

பால் பல்லுக்குப் பால் பல் என்று பெயர் வைத்தவர் என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். அலட்சியமெல்லாம் அந்தப் பெயரில்தான் தொடங்குகிறது. "விழுந்து முளைக்கிற பல்லுதானே" என்று சொல்லாத வீட்டைப் பம்மலில் நான் பார்த்ததில்லை. குரோம்பேட்டை அடுக்குமாடியில் இருக்கும் டீச்சர் வீட்டிலும் இதே பாட்டுதான், நடுநடுவே கொஞ்சம் இங்கிலீஷ் கலந்திருக்கும்.

தாம்பரம் பக்கத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவில் எனக்கு வேலை. நான் டாக்டர் இல்லை. அங்கே நடந்த ஓர் ஆராய்ச்சிக்காகத் தாய்மார்களிடம் பேசிக் குழந்தைகளை வரவழைப்பேன், பஞ்சுக்குச்சியில் எடுத்த சீழைப் பத்திரமாக லேபில் கொண்டுபோய்க் கொடுப்பேன். சொத்தைப் பல்லுக்கு அடியில் கட்டும் சீழில் என்ன கிருமி இருக்கிறது, அது எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. நல்ல ஆராய்ச்சி, இப்போதும் அப்படித்தான் சொல்வேன். கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கை மிட்டாய் மாதிரி விழுங்கி, எதற்கும் அடங்காத கிருமிகளை ஊர் கூடி வளர்த்து வைத்திருக்கிறோமே.

அதில் ஒரு விதி உண்டு. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட குழந்தையைச் சேர்க்க முடியாது. மருந்து உள்ளே போயிருந்தால் கிருமி லேபில் சரியாக வளராது. அங்கன்வாடியில் தாய்மார்களை உட்கார வைத்து இதைச் சொல்வேன். கூடவே, "டாக்டர் மருந்து எழுதினா உடனே குடுத்துடுங்க, ஆராய்ச்சி கிடக்குது" என்றும் சொல்வேன். சொல்லாமல் விட்ட நாள் கிடையாது. ஆனால் அவர்கள் காதில் தங்குவது முன்பாதி மட்டும்தான். காரணமும் எனக்குத் தெரியும். ஆராய்ச்சியில் சேர்ந்த குழந்தைக்கு அன்றைக்கே வைத்தியம். சேராத குழந்தை ஓ.பி. சீட்டு வாங்கி, இன்றைக்கு எக்ஸ்ரே, நாளைக்குப் பெரிய டாக்டர் லீவு என்று அலைய வேண்டும். தோல் பை தைக்கிற கம்பெனியில் இரண்டு முறை லீவு கேட்டால், மூன்றாம் முறை உன் மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பாள்.

நான் சொல்லவந்த பெண்ணும் அப்படி ஒரு கம்பெனியில்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயது. அங்கன்வாடியில் நான் பார்த்தபோது குழந்தைக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று கறுத்துக் குழிந்திருந்தது. பல்லோரத்தில் ஒரு சின்னக் கொப்புளம். மற்றபடி நன்றாக இருந்தது. வாயைத் திறக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. திறந்த பிறகு மூட வைப்பது அதைவிடக் கஷ்டம், பாடிக்கொண்டே இருந்தது. "வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி அவள் வந்து சேர்ந்தாள். தோளில் கிடந்த குழந்தை பாடவில்லை. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் வீங்கிக் கழுத்தே தெரியவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் ஒழுகியது. தொட்டால் கை சுட்டது.

"எப்பலேர்ந்தும்மா இப்படி?" என்று கத்தியே விட்டேன்.

"நீங்க வந்துட்டுப் போனீங்களே, அதுக்கு மறுநாளே கன்னம் வீங்கிடுச்சு மேடம். எங்க தெரு கிளினிக்ல காட்டினேன். இத்த குடுத்தாரு."

பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கொடுக்கிற ஆன்டிபயாடிக் மருந்து. வெள்ளைப் பொடி அடியில் அப்படியே கிடந்தது.

"பாருங்க, சீலுகூட ஒடைக்கல. பக்கத்து வூட்டு அக்கா, குடுத்துட்டு குடுக்கலன்னு சொல்லிடு, யாருக்குத் தெரியப்போவுதுன்னாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது மேடம். வியாழக்கெழம வரிக்கும் தாங்கிக்கோ கண்ணுன்னு உப்பு ஒத்தடம் குடுத்துகினே கீறேன்."

அவள் முகத்தில் பெருமை இருந்தது. சொன்ன சொல் தவறாமல் நடந்துகொண்ட பெருமை. எனக்கு வந்த கோபத்தை அவள் மேல் காட்ட மனம் வரவில்லை, விதி போட்டவர்கள் மேலும் முழுதாகக் காட்ட முடியவில்லை. இன்றுவரை அது எங்கும் போகாமல் எனக்குள்ளேயே கிடக்கிறது.

எங்கள் புரொபசர் ஒரு பார்வைதான் பார்த்தார். நாக்கு மேலே ஏறுகிறது, மூச்சு அடைத்துவிடும், ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்றார். பல்லோரத்தில் சீழ் தானாகவே வடிந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அதைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து என்னிடம் கொடுத்தார். அதைப் பார்த்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேத்துக்கினீங்களா மேடம்?"

"சேர்த்தாச்சும்மா" என்றேன். அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்தைக் கீறிச் சீழை எடுத்தார்கள், மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். விஷம் அதற்கு முன்பே ரத்தத்தில் கலந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தை இறந்துவிட்டது. விழுந்து முளைக்கிற பல்லால்.

லேபில் கிருமி செழிப்பாக வளர்ந்திருந்தது. "சூப்பர் சாம்பிள் மேடம், மருந்தே படல" என்றான் அங்கே வேலை செய்கிற பையன். யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. எதற்கும் அடங்காத ரகமா என்று கேட்டேன். இல்லையாம், சாதாரண மருந்துக்கே செத்துப்போகுமாம். அவன் சொன்ன மருந்தின் பெயர்தான் அந்தப் பாட்டிலில் ஒட்டியிருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். பழைய தோல் ஷெட்டுகளுக்குப் பின்னால் ஒற்றை அறை. டீ போட்டுக் கொடுத்தாள். நான் குடித்து முடித்ததும் கேட்டாள்.

"அந்தச் சீழு இன்னா ஆச்சு மேடம்? எந்த மருந்து கேக்கும்னு தெரிஞ்சுதா?"

"இன்னும் ரிசல்ட் வரலம்மா."

அவளுக்கு வராத பொய் எனக்குத் தடுமாறாமல் வந்தது. அவள் தலையாட்டிவிட்டு எழுந்துபோய், அலமாரியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"எட்துகினு போங்க மேடம். பிரிக்கவே இல்ல. வேற எந்தக் கொழந்தைக்காச்சும் ஆவும்."